நாலு பேருக்கு ஒரு படம்

முகம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். எண்பத்தைந்து மில்லிமீட்டர் வாங்குங்கள், கை தாங்கினால் நூற்று முப்பத்தைந்தும் வாங்குங்கள், ஐம்பதை வைத்துக்கொண்டு ஆளின் மூக்குக்குக் கிட்டே போய் நிற்காதீர்கள், இருபத்தெட்டை முகத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று வகுப்பே எடுத்துவிடுவேன். இவ்வளவும் எங்கே படித்தீர்கள் என்பார்கள். அனுபவம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். என்ன அனுபவம் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கஹவத்தை டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மாடியில் எனக்கு ஸ்டூடியோ இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், தொண்ணூறுகளின் பின்பாதி. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, அப்பாவும் அம்மாவும் தேயிலை மலைக்குப் போய் உழைத்த சம்பளத்தில் வளர்ந்தவன். டவுனுக்கு வந்து நாலைந்து வருஷத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளவும், வாடிக்கையாளர்களிடம் சிங்களத்திலேயே பேசவும், எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு "கஹவத்தை" என்று மட்டும் சொல்லவும் பழகிக்கொண்டேன். தோட்டத்து ஆட்கள் படம் எடுக்க வந்தால் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வருவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "போட்டுக்கிட்டே வாங்க, இது என்ன கோயிலா?" என்று கத்துவேன். அவர்கள் மேல் இருந்த கோபம் இல்லை அது. அவர்களைப் பார்த்து யாராவது என்னையும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

என்னிடம் மூன்று லென்ஸ் இருந்தன. ஐம்பது, கேமராவோடு வந்தது. இருபத்தெட்டு, கல்யாண வீடுகளில் சின்ன அறைக்குள் முப்பது பேரை அடக்குவதற்காக வாங்கியது. எண்பத்தைந்து மட்டும் நான் ஆசைப்பட்டு வாங்கியது. மாவனல்லையில் பழைய கேமரா சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் நானா அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்து, "இது மொகத்துக்குன்னே செஞ்சது தம்பி, வேற எதுக்கும் எடுத்துராதீங்க" என்றார். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் மனைவியை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்து மூன்று லென்ஸாலும் எடுத்தேன். மூன்று படத்திலும் முகம் ஒரே அளவில் விழ வேண்டும் என்று, இருபத்தெட்டுக்கு மூச்சுப் படும் தூரத்திலும், ஐம்பதுக்குக் கொஞ்சம் தள்ளியும், எண்பத்தைந்துக்கு ஆறேழு அடி பின்னாலும் நின்றேன். கழுவிப் பார்த்தால் மூன்று பெண்கள்! எண்பத்தைந்தில் இருந்தவள் என் மனைவி. ஐம்பதில் இருந்தவள் அவளுடைய அக்காள் மாதிரி இருந்தாள். இருபத்தெட்டில் மூக்கு முன்னால் வந்து, காது இரண்டும் பின்னால் ஓடி, யாரோ ஒருத்தி.

"இது யாரு?" என்றாள்.

"நீதான்."

"நானா? ஒங்க கண்ணுக்கு நான் இப்படித்தான் தெரியுறேனா?" என்று சொல்லி அந்தப் படத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு அதே இருபத்தெட்டில் ஒரு கூட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் நிற்கிறவர்களின் முகம்தான், ரப்பர் ஷீட்டை ஒரு முனையில் பிடித்து இழுத்தது போல, வெளிப்பக்கமாக அகன்று போயிருந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

அந்த வருஷம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் ஸ்டூடியோவுக்கு வந்தார். தோட்டத்தில் நூறு பேருக்கு மேல் ஐடென்டி இல்லை. அடையாள அட்டையை எங்கள் பக்கம் ஐடென்டி என்றுதான் சொல்வோம். அது இல்லாமல் அந்தக் காலத்தில் பஸ் ஏற முடியாது. தோட்டத்து மேனேஜரான பெரிய துரை கையெழுத்துப் போட்டு மொத்தமாக அனுப்பப் போகிறாராம். எல்லோருக்கும் படம் வேண்டும்.

"காலைல பெரட்டுக்கு வர்றப்பவே எடுத்து முடிச்சிருங்க. மலைக்குப் போக நேரமானா பெரிய தொர என் கழுத்தப் புடிப்பாரு" என்றார்.

"ஒவ்வொரு ஆளா எடுக்கணுமே சார்."

"அது ஒங்க பாடு."

ஒவ்வொரு ஆளாகத்தான் எடுப்பேன் என்று சொல்லித்தான் வேலையை ஒப்புக்கொண்டேன். ஆனால் குறித்த நாள் காலையில், மலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிற பெரட்டுக்களத்தில் போய் நின்று, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மலைப்பாகிவிட்டது. ஒரு ஆளை உட்காரவைத்து, தாடையைத் தூக்கி, முந்தானையைச் சரிசெய்து எடுக்கக் குறைந்தது மூன்று நிமிஷம். மத்தியானம் ஆகிவிடும். எனக்கு அன்று பதினொரு மணிக்கு டவுனில் ஒரு சிங்கள ஆசிரியரின் வீட்டில் வேலை இருந்தது. அதை விட மனமில்லை.

மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் இருந்து ஒரு நீளப் பெஞ்சைத் தூக்கிவரச் சொன்னேன். சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டினேன். நாலு நாலு பேராக உட்காரவைத்தேன். பையில் இருந்து இருபத்தெட்டை எடுத்து மாட்டினேன். நாலு தலையும் ஒரே படத்தில். பிறகு இருட்டறையில் ஒவ்வொரு தலையாகப் பெரிதாக்கி வெட்டிக்கொள்ளலாம். நடுவில் இரண்டு பேர், ஓரத்தில் இரண்டு பேர். களத்தில் இடத்துக்கா பஞ்சம்? இருபது அடி பின்னால் போயிருக்கலாம், எண்பத்தைந்தை மாட்டியிருக்கலாம். பின்னால் போனால் குறுக்கே ஆட்கள் நடந்தார்கள். அவர்களை விலக்கச் சோம்பல். மணி எட்டுக்குள் எல்லோரையும் மலைக்கு அனுப்பிவிட்டேன். கிளாக்கர் ஆபீசை விட்டு வெளியே வரவே இல்லை. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இருட்டறையில், மருந்துத் தண்ணீரில் படங்கள் எழும்பி வந்தபோது ஓரத்து முகங்களைப் பார்த்தேன். ஒரு பக்கத் தாடை வெளியே இழுபட்டு, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகி, நெற்றி சாய்ந்து. ஐம்பது பேர் அப்படி. இன்னொரு காலை போய் அந்த ஐம்பது பேரை மட்டும் திரும்ப எடுத்திருக்கலாம். நான் மனதுக்குள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்: லயத்து மூஞ்சிக்கு இது போதும். என் அம்மாவின் மூஞ்சியும் லயத்து மூஞ்சிதான். அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் பெரிய கிளாக்கரின் மகளுக்குச் சடங்கு. எண்பத்தைந்தைக் கொண்டுபோய், அந்தப் பிள்ளையின் ஒரே ஒரு முகப் படத்துக்காக, வெளிச்சம் சரியாக விழும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

ஐடென்டிப் படங்களை நானே தோட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. பெண்கள் ஒருவர் படத்தை ஒருவர் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏண்டி, ஒன் மூஞ்சி ஒரு பக்கம் வீங்கிக் கெடக்கு, பல்லு வலியா?"

"போடி, ஐடென்டிப் படத்துல எவடி அழகா இருந்தா?"

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அட்டைகளும் வந்து சேர்ந்தன. அத்தோடு அந்த வேலையை மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்டூடியோப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்தார். அந்தத் தோட்டத்தில் மலையில் வேலை செய்கிறவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, எம் மகளப் புடிச்சு வச்சிருக்காங்க" என்றார்.

அவருடைய மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய் மூன்று மாதம். பஸ்ஸை மறித்துச் சோதனை செய்தபோது அவளுடைய ஐடென்டியைப் பார்த்த அதிகாரி, படத்தில் இருப்பது நீ இல்லை, வேறு ஆளின் அட்டையை வைத்திருக்கிறாய் என்று இறக்கிவிட்டாராம். யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கையில் வேறு ஆளின் அட்டை இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு நாளாகப் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள்.

"ஆபீஸ்ல பெரிய கிளாக்கரு சொன்னாரு, படம் புடிச்சவருகிட்ட பிலிம் இருக்கும், அதக் கொண்டுபோய்க் காட்டுங்கன்னு. நீங்களும் கூட வந்து, இந்தப் புள்ளையத்தான் நான் எடுத்தேன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வுட்டுருவாங்க தம்பி. ஒங்களுக்குச் சிங்களம் நல்லா வரும். எங்களுக்கு அங்க போனா வாயே வர மாட்டேங்குது."

பையில் இருந்து அவளுடைய இன்னொரு படத்தை எடுத்துக் காட்டினார். கோயில் திருவிழாவில் யாரோ எடுத்த படம். நல்ல நீள முகம், சமமான கண்கள். பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்தவள்.

பிலிம் இருந்தது. அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே, அலமாரித் தட்டில், பிஸ்கட் டப்பாவுக்குள், தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் எழுதி, ஈரம் படாமல் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டினால் அவள் வெளியே வந்துவிடுவாள். நாலு பேர் ஒரு பெஞ்சில், நடுவில் இருவர் நல்ல முகத்தோடு, ஓரத்தில் இருவர் கோணல் முகத்தோடு: கோணலாக்கியது லென்ஸ்தான் என்று எந்த மடையனுக்கும் விளங்கும். கிளாக்கருக்கும் விளங்கும். பெரிய துரைக்கும் விளங்கும். ஒவ்வொரு ஆளாக எடுப்பேன் என்று சொல்லிவிட்டு நான் ஏமாற்றியதும், இன்னும் ஐம்பது பேர் அதே முகத்தோடு பாக்கெட்டில் அட்டையை வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பதும் வெளியே வரும். கொழும்பு ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எனக்குப் பயமாகவும் இருந்தது. பயத்தால் போகவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் முதலில் என் மனதில் வந்தது பயமில்லை. என் பெயர் கெட்டுப்போகுமே என்பதுதான்.

"மழையில பிலிமெல்லாம் பூஞ்சணம் புடிச்சிருச்சுண்ணே. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் மகளின் படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு என்னைத் தேற்றினார்.

"மழைக்கு நீங்க என்ன செய்வீங்க தம்பி. கூடயாச்சும் வர முடியுமா?"

"கல்யாண வேல இருக்குண்ணே. ஆளு இல்ல."

"சரி தம்பி. ஒங்க பொழப்பையும் பாக்கணும்ல." படிவரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை அவர் போடாமல் போயிருக்கக் கூடாதா!

திரைக்குப் பின்னால் படங்களை வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள்.

"டப்பா மேலதானே இருக்கு?"

"ஒன் வேலையப் பாரு."

"அந்தாளு கீழதான் நிக்கிறாரு, பஸ் இன்னும் வரல. ஓடிப் போய்க் கூப்புடவா?"

"வாய மூடுறியா? போனா என்னையும் சேத்து உள்ள வச்சிருவாங்க, நீ வந்து எடுப்பியா?" என்று கத்தினேன். அவளிடம் கத்தியது எட்டுக் கடைக்குக் கேட்டிருக்கும். அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு கிழமைக்கு மேல் சோற்றைப் போட்டு வைப்பாள், பேச மாட்டாள்.

அந்த நாட்களில் நான் டப்பாவைத் திறந்து பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவளைக் கண்டுபிடித்தேன். அப்போதுதான் அந்தக் காலை ஞாபகம் வந்தது. அவள் கடைசியாக ஓடி வந்தவள். நடுவில் இருந்த சிநேகிதியின் பக்கத்தில் உட்காரப் பார்த்தாள். "இடமில்ல, ஓரத்துல ஒக்காரு" என்று அதட்டியது நான்தான். எத்தனையோ தடவை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு படிவரை போனேன். நாளைக்கு, நாளைக்கு என்று திரும்பி வந்தேன். நான் ஒரு நாள் தள்ளிப்போட்டால் அவளுக்கு அங்கே ஒரு ராத்திரி கூடுகிறது என்று தெரிந்தேதான் தள்ளிப்போட்டேன். சீ, என்ன மனுஷன் நான்!

பதினோராம் நாள் அவளை விட்டார்கள். பெரிய துரை கடிதம் கொடுத்து, தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஆளை அனுப்பி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தேடி எடுத்து, எப்படியோ அந்தத் தகப்பன் மீட்டுக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். கொழும்பு வேலை போய்விட்டது. அவள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவளுக்காக இல்லை, இனி யாரும் பிலிம் கேட்டு வர மாட்டார்கள் என்பதற்காக.

ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். தனியாக. புது ஐடென்டிக்கு விண்ணப்பம் போடப் படம் வேண்டுமாம். திருவிழாப் படத்தில் பார்த்த அதே நீள முகம், ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, எங்கப்பா வந்து ஒங்களத் தொந்தரவு பண்ணிட்டாரு. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

எண்பத்தைந்தை எடுத்து மாட்டினேன். ஸ்டூலை வெளிச்சத்துக்கு நகர்த்தி, வெள்ளைத் துணியை ஒரு பக்கம் பிடித்துக் கட்டி, கிளாக்கரின் மகளுக்குச் செய்ததை எல்லாம் இவளுக்கும் செய்தேன். இன்றைக்கு நல்ல படமாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு! கண்ணாடிக்குள் பார்த்துக் கூர்மையைச் சரிசெய்தேன். முகம் தெளிவாக வந்தபோது கையெடுத்துவிட்டேன். அவள் தாடையை இடது பக்கமாக இழுத்து, ஒரு கண்ணை அகலமாக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தாள்.

"ஏம்மா மூஞ்ச இப்படி வச்சிருக்க? சாதாரணமா இரு."

"இல்லண்ணே, அங்க அந்த ஐடென்டிய என் கன்னத்தோட ஒட்டி வச்சு, மே கவுத, மே கவுதன்னு கேப்பாங்க. யாரு இது, யாரு இதுன்னு. நாந்தான்னு சொன்னா, அப்ப இதே மாதிரி மூஞ்ச வச்சுக் காட்டுன்னு சொல்லுவாங்க. வச்சு வச்சுக் காட்டுவேன். ஒரு நாளு கொஞ்சம் சரியா வந்துச்சு, அன்னைக்கி ஒண்ணும் சொல்லல." கையால் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வீட்டுல கண்ணாடியப் பாத்து இன்னும் பழகியிருக்கேன். புதுப் படமும் பழசும் ஒண்ணா இருக்கணும்ல அண்ணே. இல்லாட்டி மறுபடி புடிச்சிருவாங்க."

சொல்ல வேண்டியது ஒரே வசனம். அது உன் முகம் இல்லை, நான் செய்த வேலை என்று. என் மனைவி திரை ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை தாடையை இழுத்தபடியே காத்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"பழச மறந்துரு. அன்னைக்கி நீ அசைஞ்சிட்ட. அதான் அப்படி விழுந்துருச்சு" என்றேன்.

அவள் முகம் மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வந்தது. "அப்படியாண்ணே? நாந்தான் அசைஞ்சேனா? கடைசியா ஓடி வந்தேன், மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு, அசைஞ்சிருப்பேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரித்தாள். "மன்னிச்சுக்குங்கண்ணே. இந்தத் தடவ அசைய மாட்டேன்."

மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்தேன்.